வேண்டுதல் இல்லாத வெறுங்கால்

சாந்தோமில் காலைப் பூசைக்கு என் பெரியம்மா செருப்பில்லாமல் நடந்துபோன கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஓய்வுபெற்ற டீச்சர், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கீழே வெறுங்கால். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவர்கள் அப்படி நடப்பது எங்கள் பங்குக் கோயிலில் சகஜம் என்பதால் யாரும் காரணம் கேட்கவில்லை. உண்மையில், அவர் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளை அரித்துக்கொண்டிருந்தது. பாதம் நெருப்பாய் எரியும். செருப்பின் வார் பட்டாலே உயிர் போகும். அதை வெளியே சொல்ல அவருக்குக் கூச்சம். பக்தி என்றே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார். எங்கள் குடும்பத்தில் உடம்பைவிட கௌரவம் எப்போதும் ஒரு படி உசத்தி.

மாத்திரைகள் எல்லாம் கைவிட்ட பிறகு, அடையாறில் ஒரு டாக்டர் அவர் முதுகில், தண்டுவடத்தை ஒட்டி மெல்லிய கம்பிகளை வைத்தார். இடுப்பில் கட்டிய பேட்டரியிலிருந்து போகும் லேசான மின்சாரம் வலியை மட்டுப்படுத்துமாம். ஒரு வாரம் சோதனை. பலன் தெரிந்தால் நிரந்தரமாக உள்ளேயே பொருத்துவார்கள், இல்லையென்றால் உருவிவிடுவார்கள். இரண்டொரு நாளிலேயே பெரியம்மா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அப்போதுதான் வழக்கமாக வரும் மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்கினார். "இன்னா டீச்சரம்மா, வேண்டுதல் முடிஞ்சிச்சா? எம் பொண்ணு முழுவாம கீறா. நீ வெறுங்காலோட நடந்து வேண்டிக்கினது வீண் போவல" என்று குனிந்து, பெரியம்மாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தன் மகளுக்காகவும் சேர்த்து வேண்டிக்கொள்ளும்படி எப்போதோ கேட்டிருந்தாராம். பெரியம்மா உள்ளே வந்து செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். "செய்யாத வேண்டுதலுக்குக் கும்பிடு வாங்கிட்டு இந்தச் சுகம் எனக்கு வேணாம். வலி குறையலைன்னு சொல்லிடறேன். கம்பியை எடுத்துடட்டும்" என்றார். கெஞ்சினேன், கத்தினேன். அசையவில்லை.

சோதனையின் கடைசி நாள் காலை, அவரே மீன்காரம்மாவைக் கூப்பிட்டு இடுப்பிலிருந்த பேட்டரியைக் காட்டினார். "வேண்டுதல் இல்லம்மா, வியாதி."

"அப்போ எம் பொண்ணுக்காவ நீ வேண்டிக்கவே இல்லியா?"

"இல்ல. என் காலைத் தவிர எனக்கு வேற எதுவும் ஞாபகத்துக்கு வரலை."

மீன்காரம்மா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது அந்தப் பேட்டரி பெரியம்மாவின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. கடைத்தெருவரை நிம்மதியாக நடக்கிறார். நல்ல சேதிதான். ஆனால் அந்தக் கடைசி நாள் மதியம் டாக்டர் கேட்டபோது, அவர் முகத்தைப் பார்க்காமல், திருடியதை ஒப்புக்கொள்பவர்போல, "நல்லாவே குறைஞ்சிருக்கு டாக்டர்" என்று பெரியம்மா சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.