சரணடைந்த படையில் ஒருவர்

அரியரத்தினத்துக்குத் தெரிந்த தொழில் பாண் போடுவது. திருகோணமலையில் மீசை அரும்பாத வயதிலேயே பேக்கரிக்குள் நுழைந்து மாப் பிசைந்த ஆள். எண்பத்தாறாம் ஆண்டு கனடாவுக்கு அகதியாக வந்தபோது, மொன்ட்ரியாலில் அவருக்குக் கிடைத்ததோ வேறு வேலை. ஆற்றின் நடுவே ஒரு தீவு, தீவில் ஒரு பழைய கோட்டை, கோட்டைக்குள் ஒரு சாப்பாட்டுக்கடை. அங்கே சட்டி கழுவ வேண்டும்.

கோட்டை என்று கேட்டதுமே, வேறு இடம் இல்லையோ என்று விசாரித்தார். ஊரில் கோட்டை என்றால் ஆமிக் காம்ப். கோணேசர் கோயிலுக்குப் போவதென்றாலும் அதன் வாசலால்தான் போகவேண்டும். தொப்பியைக் கழற்றி, அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, அவசரப்படாமல் நடக்க வேண்டும். ஓடினாலும் பிழை, ஒதுங்கினாலும் பிழை. ஒரு நாள் விடியமுன் பாண் கூடையோடு போன அரியரத்தினத்தை மறித்து, இவ்வளவு பாணும் ஆருக்கு என்று கேட்டார்கள். இயக்கத்துக்குச் சாப்பாடு கொடுத்தாய், துவக்கும் தூக்கினாய் என்று சொல்லி அந்தக் கோட்டைக்குள்ளேயே கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. உள்ளே நடந்ததை அவர் மனைவி மீனாம்பிகைக்குக்கூடச் சொல்லவில்லை. இங்கே வக்கீல் அம்மாவிடமும், "பிடிச்சவை, பேந்து விட்டவை" என்பதோடு வாயை மூடிக்கொண்டார். அந்த அம்மாவுக்கு அது கவலை. அகதி விசாரணைக்கு அவ்வளவு கதை போதாது.

வேலைக்குப் போன முதல் நாள், கோட்டை வாசலில் முக்கோணத் தொப்பியும் சாம்பல் நிற நீளக் கோட்டும் போட்ட ஒருவன் துவக்கோடு நின்றான். அரியரத்தினம் நின்ற இடத்திலேயே தொப்பியைக் கழற்றினார். குடிவரவுக் கந்தோரில் தந்த கடதாசியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்தார். அவனோ பல்கலைக்கழக மாணவன். கோடை விடுமுறைக்குப் பழைய பிரெஞ்சுப் படைவீரனாக வேடம் போடுகிறவன். "பொன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிச் சிரித்தான். அது வேடம் என்று தெரிந்த பிறகும் அரியரத்தினம் கடதாசியை எடுக்காமல் அந்த வாசலைக் கடந்ததில்லை.

முற்றத்தில் நாள்தோறும் ஒரு நாடகம் நடந்தது. முதலில் கப்பலால் இறங்கியவர்கள் சிலுவை நாட்டுவார்கள். பிறகு தோல் வியாபாரம், கோட்டைகள், பாதிரிமார். நடுவில் பெரிய வரைபடம் ஒன்றை விரித்து, கனடா, லூசியானா, கரும்புத் தீவுகள், புதுச்சேரி என்று ஒருவன் கோலால் தொட்டுக் காட்டுவான். அந்த நேரம் பிரான்ஸ் அரைவாசி உலகத்தை வளைத்துப் பிடித்தது போலிருக்கும். அதன் பிறகு எல்லாம் சரிவுதான். கியூபெக் விழும், மறு வருடம் மொன்ட்ரியால் சரணடையும். எதிரியின் கையில் கொடுக்க மனமில்லாமல் படைக்கொடிகளை இந்தத் தீவிலேயே எரித்தார்கள் என்று சொல்வார்கள். அதையும் நடித்துக் காட்டிவிட்டு வீரர்கள் துவக்குகளை நிலத்தில் வைப்பார்கள். அதற்குமுன் வெற்று வெடி வெடிக்கும்போதெல்லாம் அரியரத்தினம் கழுவுதொட்டிக்குக் கீழே குனிந்துவிடுவார். கரண்டி விழுந்ததென்று சாட்டுச் சொல்வார்.

மொன்ட்ரியாலின் கார்ட்டியர்வில் பகுதியில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர். யாழ்ப்பாணத்து ஞானசுந்தரம் வாய்க்காரன். மன்னார் யோசெப் பயந்த மனுசன்.

"அண்ணை, உந்தப் பிரெஞ்சுக்காரன் உங்கட திருகோணமலைக்கும் வந்தவன் தெரியுமோ?" என்றான் ஞானசுந்தரம் ஒரு நாள். "ஒல்லாந்தன் அடிச்சுக் கலைச்சவன். பிடிக்கிறதெல்லாம் பிடிப்பினம், வைச்சிருக்கத்தான் தெரியாது."

"விட்டிட்டுப் போனாங்கள்தானே. அது பெரிய குணமடா" என்றார் அரியரத்தினம்.

ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வேடம் போடும் மாணவன் ஒருவன் வரவில்லை. நாடகப் பொறுப்பாளன் குசினிக்குள் வந்து ஆட்களை உயரம் பார்த்தான். அரியரத்தினத்தின் தோளில் சாம்பல் நிறக் கோட்டு ஒன்றைப் போட்டான். கடைசிக் காட்சி மட்டும்தான், வரிசையில் நின்று துவக்கைக் கீழே வைத்தால் போதும் என்று கையால் காட்டினான். மாட்டேன் என்று சொல்லப் பிரெஞ்சு வரவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் வேறு.

துவக்கு அவர் நினைத்ததைவிடப் பாரம். மடங்காத விரல்களுக்கு மேல் அதைச் சாய்த்துப் பிடித்தார். கீழே வைக்கச் சொல்லும் மட்டும் காத்திருந்தார். வைப்பதற்கு முன்னமே பார்வையாளர்களின் முன்வரிசையில் இருந்த ஒருவன் படம் எடுத்துவிட்டான். பத்திரிகைக்காரன் என்று பிறகு சொன்னார்கள்.

அன்று பின்னேரம் ஞானசுந்தரம் விழுந்து விழுந்து சிரித்தான். "கடைசியில பிரெஞ்சு இயக்கத்தில சேர்ந்திட்டியள்."

யோசெப் சிரிக்கவில்லை. "அண்ணை, துவக்கே தொட்டதில்லை எண்டு சொல்லித்தானே கேஸ் போட்டனீங்கள்? இப்ப துவக்கோட படம். குடிவரவுக்காரன் கண்டால் என்ன சொல்லுவியள்?"

"நாடகமெண்டு சொல்லுவன்."

"சரி, இஞ்ச சொல்லுவியள். படம் எங்கட தூதரகத்துக்குப் போய், அங்கயிருந்து கொழும்புக்குப் போனால்? மீனாம்பிகை அக்காவும் பிள்ளையும் திருகோணமலையிலதானே நிக்கினம்."

அதன்பிறகு அரியரத்தினத்துக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் வேலைக்குப் போகுமுன் மூலைக் கடையில் நின்று பேப்பர்களைப் புரட்டுவார். வாங்காமல் புரட்டுகிறார் என்று கடைக்காரி முறைத்தாள். படம் திங்களும் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. வந்தபோது பாதிப் பக்கத்துக்கு வந்தது. சாம்பல் கோட்டுக்காரர் வரிசையில் ஒரேயொரு கறுத்த முகம். துவக்கு நெஞ்சோடு சாய்ந்திருக்கிறது. அவருடைய அம்மா பார்த்தாலும் தன் பிள்ளையென்று சத்தியம் செய்யுமளவுக்குத் தெளிவான படம். பேப்பரை மடித்துக் கடைத் தட்டில் செருகிவிட்டு, வேலைக்குப் போகாமல் அறைக்குத் திரும்பிக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார். மாடிப்படியில் யார் ஏறினாலும் மூச்சை அடக்கினார்.

விசாரணை புரட்டாதியில் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூக்குக் கண்ணாடி போட்ட அதிகாரி, பக்கத்தில் பேச்சைப் பதிய ஓடிக்கொண்டிருக்கும் ரேப். இந்தப் பக்கம் வக்கீல் அம்மாவும் மொழிபெயர்க்க வந்த செல்வமலரும். அரியரத்தினம் உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தார். பெயர், ஊர், தொழில் எல்லாம் முடிந்தது. பிறகு அந்தக் கேள்வி வந்தது. நீங்கள் எப்போதாவது ஆயுதம் ஏந்தினீர்களா?

இல்லை என்று சொல்லத்தான் வக்கீல் அம்மா பழக்கியிருந்தார். ஆனால் படம் அதிகாரியின் மேசை லாச்சிக்குள் இருக்கிறது, எடுத்து முன்னால் போடப்போகிறார் என்றுதான் அரியரத்தினத்துக்குத் தோன்றியது.

"ஓம். ஒருக்கா" என்றார்.

செல்வமலர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை. நான் சொன்னால் பதிவாகும்."

"ஓம் எண்டே சொல்லுங்கோ பிள்ளை."

வக்கீல் அம்மாவின் பேனா நின்றது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். யாருடைய பக்கம் என்று கேட்டார்.

"பிரெஞ்சுக்காரற்ற பக்கம்."

"என்ன நடந்தது?"

"சரணடைஞ்சிட்டம்."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பிறகு, எந்த இடத்தில் என்று கேட்டார். தீவைச் சொன்னதும் அவருடைய முகம் மாறியது. அவர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை; நாடகத்தைத்தான் பார்த்திருந்தார், தன் பிள்ளைகளோடு. வாய்க்குள் வந்த சிரிப்பு அரியரத்தினத்தின் கைகளைக் கண்டதும் நின்றுவிட்டது. இரண்டு கையும் மேசை விளிம்பில் அடித்துக்கொண்டிருந்தன.

ஒரு நாடகத்துக்கு ஏன் இவ்வளவு பயம் என்று அவர் மெல்லக் கேட்டார்.

அதற்குத்தான் அரியரத்தினம் வாய் திறந்தார். கோட்டை வாசல், பாண் கூடை, உள்ளே இருந்த அறை, விரல்களை என்ன செய்தார்கள், அப்போது பக்கத்து அறையில் யார் கத்தினார்கள், எல்லாவற்றையும் சொன்னார். செல்வமலர் இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். வக்கீல் அம்மாவும் இதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார். வெளியே வந்ததும், "பிழையாச் சொல்லிப்போட்டனோ பிள்ளை?" என்று கேட்டார் அரியரத்தினம். "தெரியேல்லை அண்ணை" என்றார் செல்வமலர். அவருக்கும் குரல் சரியாக இல்லை.

ஏற்றுக்கொண்டோம் என்ற பதில் வரப் பனிக்காலமும் கழிந்துவிட்டது. அதுவரைக்கும் அவர் மாடிப்படிச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே இருந்தார். பதில் வந்த கிழமை திருகோணமலைக்குத் தொலைபேசி எடுத்தார். பக்கத்துக் கடைக்காரர் மீனாம்பிகையைக் கூப்பிட்டு வந்தார்.

"ரெண்டு பேரும் வெளிக்கிடுங்கோ. சரிவந்திட்டுது" என்றார்.

மீனாம்பிகை குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அங்க ஆமி இருக்கோ?"

அரியரத்தினம் யோசித்தார். "இருக்கினம்" என்றார். "நான் வேலை செய்யிற இடத்தில நிக்கினம். பின்னேரம் உடுப்பைக் கழட்டி வைச்சிட்டு வீட்டை போயிடுவினம்."

அவள் நம்பினாளோ தெரியாது. பிள்ளைக்குக் குளிர்ச்சட்டை வாங்க வேண்டுமா என்று மட்டும் கேட்டாள்.