வியர்க்காத உடம்பு

அந்த வயதில் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்தது. எழுபதுகளின் நடுவில் செகந்திராபாத் ரயில்வே பட்டறையில் தினக்கூலியாக இருந்தேன். உப்பலில் நடக்கும் கபடிப் போட்டியில் ஜெயித்தால் இருவரை நிரந்தரமாக்குவார்கள் என்று பேச்சு. வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று எனக்குப் பார்த்திருந்த இடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

இறுதி ஆட்டம் காஞ்சன்பாக் பக்கத்துத் தொழிற்சாலை அணியோடு. மே மாதம், பிற்பகல் மூன்று மணி. மண்ணில் கால் வைக்க முடியவில்லை. தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும் என்று இரு தரப்பிலும் யாரையும் குடிக்க விடவில்லை. நாங்கள் எல்லோரும் வேதம் மாதிரி நம்பிய மடத்தனம் அது.

அவர்களுடைய முக்கிய ஆட்டக்காரன் முதல் தடவை பாடிவந்தபோதே குதிகாலால் என் வாயில் உதைத்தான். உதடு கிழிந்தது, பல் ஆடியது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, இவனைச் சும்மா விட்டால் நான் ஆம்பிளையே இல்லை என்று கறுவிக்கொண்டேன்.

ஆட்டம் முடியும் தறுவாயில் மறுபடி வந்தான். இரு பக்கமும் சமப் புள்ளி. அவன் கால் தள்ளாடியது. பயந்துவிட்டான் என்று நினைத்துக் கணுக்காலைப் பிடித்து வாரிவிட்டேன். பிடிபட்ட ஆள் வியர்வையில் விலாங்கு மாதிரி நழுவுவான். இவன் நழுவவில்லை. உடம்பில் பொட்டு ஈரம் இல்லை, தோசைக்கல்லாகச் சுட்டது. பிடிக்க வசதியாகப் போயிற்று என்று முதுகில் ஏறி உட்கார்ந்தேன்.

மூச்சு விட்டால் அவன் அவுட். விடாமல் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் நாங்கள் தோற்றோம். முகம் மண்ணில் அழுந்தியும் கபடி, கபடி என்று முனகியபடி கோட்டை நோக்கிக் கையை நீட்டினான். எங்கள் கேப்டன் பின்னாலிருந்து கத்தினார்.

"அமுக்குடா. மூச்சு போற வரைக்கும் விடாத."

முழங்காலை விலாவில் ஊன்றி அமுக்கினேன். உள்ளே ஏதோ முறிந்தது.

"அண்ணே, நக்கோ" என்றான்.

நக்கோ என்றால் அந்த ஊர் உருதுப் பேச்சில் வேண்டாம். அண்ணே என்றதில்தான் தமிழன் என்று தெரிந்தது. பேசினால் மூச்சு விட்டதாகக் கணக்கு. நடுவர் விசில் ஊதினார். நாங்கள் ஜெயித்துவிட்டோம். நான் எழுந்திருக்கவில்லை. பிடரியில் இன்னும் இரண்டு குத்து விட்டேன்.

இழுத்து நிறுத்தினார்கள். அவனுக்குக் கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது. ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் என் உதட்டைத் தைத்த டாக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஊசியை நிறுத்தினார்.

"உடம்பு கொதிச்சா ரத்தம் சூட்டை ஆத்தத் தோலுக்கு ஓடும். தசைக்கும் மூளைக்கும் பத்தாது. அதோட மூச்சையும் அடக்கினா என்னத்துக்கு ஆகும்? வெயில்ல ஆடுறவனுக்கு வியர்வை நின்னா நிழல்ல போட்டுத் தண்ணி ஊத்தணும். நீ மேல ஏறி உக்காந்திருக்க."

மூன்றாம் நாள் செத்துப்போனான். வெயில் தாக்கியதால் என்று எழுதினார்கள். என்மேல் வழக்கு இல்லை. அடுத்த மாதம் நிரந்தர உத்தரவு வந்தது, கல்யாணமும் நடந்தது.

கூட்டத்தின் சத்தத்தில் விசில் காதில் விழவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். என் மனைவியிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். எனக்கு நன்றாகக் கேட்டது.