நான் திருத்திய லாரி

சென்ற வாரம் ஓர் அச்சுப்பிழையைத் திருத்தினேன். அதனால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது!

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆகவே தந்தியோ, மருந்து பாட்டிலோ, இங்கிலீஷில் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். மாமா ஒரு பழைய லாரி வாங்கினார். அதுவும் இங்கிலீஷ்தானே?

ஆயுத பூஜையன்று லாரியைக் கழுவி, கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிப் பொட்டு வைத்தோம். எஞ்சினில் நாலு பிளக். ஒவ்வொன்றுக்கும் நெருப்புப்பொறி கொண்டுபோக ஒவ்வொரு ஒயர்.

"நம்பரெல்லாம் இங்கிலீஷ்ல கெடக்குது. நீயே மாட்டிரு சாமி" என்றார் மாமா.

பக்கத்திலேயே ஒரு பித்தளைத் தகடு. அதில் 1 – 2 – 4 – 3 என்று போட்டிருந்தது.

நாலுக்குப் பிறகு மூன்றா? பத்திரிகைக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு இது தப்புமா? சீமையிலும் அச்சுக்கோப்பவர்கள் நம்மவர்கள் மாதிரிதான் போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டு, 1 – 2 – 3 – 4 என்று ஒழுங்காக மாட்டினேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை... அடக்கம்!

மறுநாள் விஜயதசமி. திருச்செங்கோட்டில் எனக்கு நிச்சயதார்த்தம். உச்சிப்பொழுதுக்குள் வெற்றிலை பாக்கு மாற்றியாக வேண்டும். அதன் பிறகு இராகு காலம். பெண்ணின் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான் – மாப்பிள்ளை படித்தவனாக இருக்க வேண்டும்.

சொந்தபந்தமெல்லாம் லாரியில் ஏறிக்கொண்டது. மாமன் மகன் பழனியப்பன் டிரைவர். மூன்றாம் வகுப்போடு நின்றவன். கிளம்பியதிலிருந்தே லாரி முக்கியது, முனகியது. திருச்செங்கோட்டு மலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ஒரு மேட்டில், 'டமார்!' என்று வெடித்து நின்றுவிட்டது.

பழனியப்பன் எஞ்சினுக்கு முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றினான். அது இவனைத் திருப்பிச் சுற்றியது. பொறி விழும் நேரத்தை முன்னே பின்னே தள்ளும் குச்சி ஸ்டியரிங் பக்கத்தில் உண்டு. அதை மேலே தள்ளினான் – டமார்! கீழே இழுத்தான் – டமார்! டமார்!

காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். "ஏனுங்க, அதிர்வேட்டுங்களா? ஊருக்கு இன்னும் மூணு மைல் இருக்குதுங்களே!"

"வண்டி கட்டியிருந்தா இந்நேரம் பந்தியில உக்காந்திருக்கலாம்" என்றாள் அத்தை, பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு.

"பெட்ரோல் வருது, பொறியும் வருது. வர வேண்டிய நேரத்துல வர மாட்டேங்குது" என்றான் பழனியப்பன். "முந்தாநேத்து நல்லாத்தான ஓடுச்சு? இந்த ஒயரை ஆரு மாட்டுனது?"

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "படிச்சவன் மாட்டுனது! அதுல தப்பு வருமாடா? வேற எங்கியாச்சும் பாரு!"

பாவம், வேறு எங்கெங்கோ பார்த்தான். பிளக்கைக் கழற்றித் துடைத்தான். கார்புரேட்டரை ஊதினான். ஒயர்களை மட்டும் தொடவில்லை. வெயில் தலைக்கு நேரே வந்துகொண்டிருந்தது. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் பெண் போய்விடும்!

"மச்சான்... அந்தத் தகட்டுல ஒரு தப்பு இருந்துச்சு. நாந்தான் திருத்தினேன்."

பழனியப்பன் தகட்டைப் பார்த்தான். ஒயர்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ஏன் மாப்ள, எஞ்சின் என்ன உன்ற பள்ளிக்கூடத்துப் பையனா, வரிசையா நிக்கறதுக்கு? ஒண்ணு, ரெண்டு, அப்புறம் நாலு, கடைசியாத்தான் மூணு வெடிக்கோணும். அதுக்குத்தானய்யா தகடு அடிச்சிருக்கான்!"

இரண்டே ஒயர்கள் இடம் மாறின. ஒரே சுற்று... எஞ்சின் பதமாக உறும ஆரம்பித்தது. மாமா மட்டும் மலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

யோசித்துப் பார்க்கிறேன். விளங்காததைக் கண்டால் படிக்காதவன் அப்படியே விட்டுவிடுகிறான். படித்தவன்தான் திருத்திவிடுகிறான்!

உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தோம். "ஏனுங்க இத்தன நேரம்?" என்றார் பெண்ணின் அப்பா. நான் பழனியப்பனைப் பார்த்தேன்.

"ரோட்டுல ஆட்டு மந்தைங்க" என்றான் பழனியப்பன், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். அவனுக்குக் கோயில் கட்டினாலும் தகும்.

தட்டு மாற்றினோம். சாப்பாடு முடிந்ததும் மாமனார் என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். அங்கே புத்தம் புதிய ஆயில் எஞ்சின்!

"மேல என்னமோ இங்கிலீஷ்ல எழுதியிருக்குதுங்க மாப்ள. தப்புக்கிப்பு இருந்தாச் சரி பண்ணிப்போட்ருங்க."

பின்னால் பழனியப்பன் இருமினான்.

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன். "எல்லாம் சரியாத்தானுங்க மாமா இருக்குது" என்றேன் – ஓர் எழுத்துக்கூடப் படிக்காமல்!