முட்டைத் தட்டில் ஒரு டெஸ்ட் அணி

ஆம்லெட் போட முட்டையைக் கையில் எடுத்த நேரத்தில், டெஸ்ட் தொடருக்கான அணிப் பட்டியல் போனில் வந்தது. வருடம் முழுக்க விக்கெட் எடுத்த சுழற்பந்து வீச்சாளனை மறுபடியும் கழற்றிவிட்டிருந்தார்கள். வந்த எரிச்சலில் முட்டை கைக்குள்ளேயே நொறுங்கியது. பச்சை வாடை குப்பென்று எழுந்தது.

நாமக்கல்லில் இருந்த எங்கள் கோழிப்பண்ணையின் வாடை அது. அங்கே தீவன மூட்டை மேல் உட்கார்ந்துதான் அப்பாவும் பெரியப்பாவும் இந்திய அணியைத் தேர்ந்தெடுப்பார்கள். முட்டை ஓட்டில் பென்சிலால் பெயர் எழுதி, அட்டைத் தட்டின் குழிகளில் அடுக்குவார்கள். பெரிய முட்டையெல்லாம் பேட்ஸ்மேன், சின்னதெல்லாம் பவுலர். ஒரு மணி நேரம் கத்தினாலும் ஒரு பெயரில்கூட ஒத்துப்போக மாட்டார்கள்.

ஒரு நாள் அம்மா வந்து நின்றாள். "கொழம்புக்கு ஒரு முட்டை கொறையுதுங்க. இதுல எதை எடுத்துக்கட்டுங்க?"

"பவுலரை எடுத்துக்க!" அன்றைக்குத்தான் இருவரும் ஒரே குரலில் பேசினார்கள்.

அம்மாவுக்குச் சலிப்பு. "நேத்தும் பவுலரைத்தானுங்க எடுத்தேன். இப்படியே போனா பந்து ஆருங்க போடறது?"

பெரியப்பா இன்னொரு சின்ன முட்டையை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

அவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, இன்னும் தேர்வுக் குழுவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.