கடைசி பஸ்காரரின் ஆடாதொடை

"கொஞ்சம் தூசி துடைச்சு விடட்டுமா?" என்று செடியிடம் கேட்டுவிட்டு ஈரத்துணியை எடுக்கிறார். பழைய பனியனைக் கிழித்த துணி. இலையை உள்ளங்கையில் ஏந்தி மேல்பக்கம் ஒரு தடவை, அடிப்பக்கம் ஒரு தடவை. மூன்றாம் மாடி பால்கனி. சாலையில் போகிற லாரிகள் கிளப்பும் தூசியெல்லாம், பெயிண்ட் வாளியில் நிற்கும் அந்த ஆடாதொடையின் மேல்தான் வந்து உட்காருகிறது. துடைத்து முடித்து, வாளியை வெயில் பக்கம் சற்றுத் திருப்பி வைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பிக்கிறார். "வீட்டுக்காரிக்கு இன்னைக்கு இருமல் ஜாஸ்தி. கொஞ்சம் இலை வாங்கிக்கிறேன்." சொன்னவுடன் கையை நீட்டிவிடுவதில்லை, கொஞ்சம் நிற்பார். செடி என்ன பதில் சொல்லும் என்று கேட்டால், "இஷ்டமில்லன்னா காம்பு இறுக்கிப் பிடிச்சுக்கும். நமக்குத் தெரியாதா?" என்பார்.

ஆஸ்பத்திரியில் பிணவண்டி ஓட்டுகிறவர். அங்கே அவருக்குப் பெயர் 'கடைசி பஸ்'. வார்டு பையன்கள் மட்டுமல்ல, பெரிய டாக்டரே "கடைசி பஸ் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். இவருக்கு அதில் வருத்தம் கிடையாது. "நம்ம வண்டியில ஏறின ஆளு எவனாச்சும் குலுக்கிட்டேன்னு குறை சொல்லியிருக்கானா?" என்று திருப்பிக் கேட்பார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் குளித்து, சட்டை மாற்றி, நகத்தைப் பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பால்கனிக் கதவைத் திறப்பார். செத்தவர்கள் மேல் அருவருப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பச்சைப் பிள்ளையைத் தூக்கப் போகிறவர் செய்வது போலத்தான் இதுவும்.

இலையைப் பொறுத்தவரை 'பறி' என்ற சொல் அவர் வாயில் வராது. ஒருமுறை வண்டிக்குள்ளேயே இரண்டு மகன்கள் தாயின் விரல் மோதிரத்துக்கு அடித்துக்கொண்டார்கள். விரல் வீங்கியிருந்தது, மோதிரம் கழலவில்லை. சோப்பு எங்கே கிடைக்கும் என்று மூத்தவன் இவரிடமே கேட்டிருக்கிறான். வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி நின்றுவிட்டார். "பறிக்கிறதப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சுங்க. வழிப்பறிக்காரன்தான் பறிப்பான். நமக்கு வேணும்னா கேட்டு வாங்கணும். வாங்குறதுக்கு முன்னாடி நம்மால ஆனதைக் குடுக்கணும்." முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவார், பூச்சியைப் பொறுக்குவார், சாய்ந்த கிளைக்கு முட்டுக் கொடுப்பார். நேற்றுத் தந்த கிளையிடம் இன்று கேட்க மாட்டார்.

பக்கத்திலேயே கற்பூரவல்லியும் நொச்சியும் உண்டு. அவற்றுக்கும் இதே சட்டம்தான். கீழ்வீட்டு அம்மாள் பேரனுக்குச் சளி என்று கற்பூரவல்லிக்கு வந்தால், துணியைக் கையில் கொடுத்து முதலில் துடைக்கச் சொல்வார். "ஏண்ணே, உங்க வீட்டுச் செடிகூட லஞ்சம் கேக்குதே!" என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் துடைத்துவிட்டுத்தான் வாங்கிப் போவார்.

ஆடாதொடை மட்டும் மனைவிக்கென்றே வந்தது. அந்த அம்மாள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பஞ்சாலைக்குப் போனவர். ஆலை மூடிவிட்டது, பஞ்சு மட்டும் நெஞ்சுக்குள் தங்கிவிட்டது. டாக்டர் எழுதிக்கொடுத்த இளஞ்சிவப்பு மாத்திரை காலையும் மாலையும் தவறக் கூடாது. கஷாயம் குடித்தால் சளி இளகும், குடிக்கட்டும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். "அது மருந்து, இது துணை" என்று இவர் இரண்டையும் குழப்பிக்கொண்டதே இல்லை. மாத்திரையையும் தண்ணீரையும் கட்டிலருகே வைப்பார். கஷாயத்தில் தேன் கலந்து கையில் கொடுப்பார். வேலைக்குக் கிளம்புவார்.

மழை ஓய்ந்த சமயத்தில் அந்த அம்மாளுக்கு மூச்சிரைப்பு ஏறியது. கட்டிலிலிருந்து குளியலறை வரை நடப்பதே மலையேற்றமாயிற்று. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். கூட்டியும் குறையவில்லை. அதே நேரத்தில் ஆடாதொடையும் படுத்துவிட்டது. இலை விளிம்பெல்லாம் கருகி, தண்டு தொய்ந்துபோனது. இலை கேட்பதை நிறுத்திவிட்டு, வேரில் பூச்சியோ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளி மண்ணைக் கிளறினார். மண்ணுக்கு மேலே வெள்ளை பூத்துக் கிடந்தது. கொஞ்சம் உள்ளே விரலை விட்டால், கரைந்தும் கரையாமலும் இளஞ்சிவப்பாக ஏதேதோ ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் கட்டிலருகே எண்ணி வைத்த மாத்திரைகள்.

அக்கம்பக்கத்தில் அன்றுதான் முதன்முதலாக அவர் சத்தம் கேட்டது. "அறிவிருக்கா உனக்கு? அது செடி! உனக்கு எழுதின மாத்திரையை அதுக்குப் போட்டிருக்கியே!" சேற்றுக் கையோடு கட்டிலருகே நின்று கத்தினார். அந்த அம்மாள் மூச்சைச் சேர்த்துக்கொள்ள நேரம் எடுத்தார்.

"நீங்கதானேங்க சொல்வீங்க, வாங்கினா குடுக்கணும்னு. நான் வாங்கிக்கிட்டே இருக்கேன். எனக்காக அது மொட்டையாயிட்டு வருது. நீங்க வேலைக்குப் போனதும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு அதுகிட்ட போய்ச் சேர்றதுக்கே மூச்சு வாங்குது, நின்னு ஒரு தூசி துடைக்க முடியுதா என்னால? எங்கிட்ட வேற என்ன இருக்கு, குடுக்குறதுக்கு?"

அவருக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ பேர் அழுததைக் கண்ணாடியில் பார்த்தபடி வண்டி ஓட்டிய மனுஷன், அன்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். தான் சொன்ன நல்ல வார்த்தைதான் அவள் மூச்சை அறுத்திருக்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "போன நுரையீரல் திரும்பி வராதுப்பா. இருக்கிறதையாவது காப்பாத்தணும். இனி ஒரு மாத்திரை தவறினாலும் எங்கிட்ட கொண்டு வந்து பிரயோஜனம் இல்ல, நீ உன் வண்டியிலதான் கொண்டு போகணும்." சொன்ன பிறகு டாக்டரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் அந்த அம்மாளிடம் மாத்திரையை நீட்டினால் உதடு திறக்காது. அடம் என்று சொல்ல முடியாது, அப்படி ஒரு குற்ற உணர்ச்சி. "அது எப்படியிருக்கு? அதைச் சொல்லுங்க முதல்ல. நான்தானே அதைக் கெடுத்தேன். அது பொழைக்காம நான் மட்டும் எப்படிங்க முழுங்குறது?" இவர் வாயிலிருந்து வந்த நியாயமே இவருக்கு எதிராக நின்றது.

மண்ணை மாற்றிப் பார்த்தார். வேரைக் கழுவி நிழலில் வைத்துப் பார்த்தார். கருகினது கருகினதுதான். இப்போது வாளியில் நிற்பது வெறும் குச்சி. நகத்தால் கீறினால் பச்சை தெரிவதில்லை. தெரிந்தவர்களிடம் கேட்டால் வேறு கன்று கிடைக்கும். இதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அதை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. கட்டில் உள்ளறையில் இருக்கிறது. அங்கிருந்து பால்கனி தெரியாது. எழுந்து வந்து பார்க்கும் தெம்பு அந்த அம்மாளுக்கு இனி வராது. அந்தத் துக்கம்தான் இப்போது அவருக்கு ஒரே வசதி.

"துளிர் விட்டிருக்கும்மா" என்கிறார்.

"நெசமாவா?"

"பின்ன? அடியில, சின்னதா. நல்லாத் தண்ணி இழுக்குது."

அந்த அம்மாள் தலையைப் பால்கனிப் பக்கம் திருப்பிக் காதைக் கொடுத்துக் காத்திருக்கிறார்.

இவர் சொம்பை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போகிறார். காய்ந்த குச்சியின் முன் நிற்கிறார். குனிந்து வேரோரமாக ஊற்றவில்லை. சொம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, உள்ளறை வரைக்கும் சத்தம் கேட்கும்படி, தண்ணீரை உயரத்திலிருந்து நிதானமாக விடுகிறார். இன்னொரு கையில் மாத்திரை.