அப்பாவின் ஃபுல் சிக்னல்

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரையே ஏற்றி இறக்குகிறவர், தான் பிடித்த பிடியிலிருந்து மட்டும் ஒரு படி இறங்க மாட்டார். கூடப் பிறந்த அண்ணனோடு, அதாவது என் பெரியப்பாவோடு, பேசியே வருஷக்கணக்காகிறது. ஒரே வீட்டின் நடுவில் சுவர் வைத்து அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். பெரியப்பா தும்மினால் எங்கள் ஹாலில் கேட்கும்.

சண்டைக்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். ஒரு கல்யாணச் சாப்பாட்டில் பெரியப்பா, "நான் சொல்லித்தானே இவனுக்கு வேலையே கிடைச்சுது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டார். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். சுவர் எழுந்தது அதற்கப்புறம்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் அப்பா பாடுவது ஒரே பாட்டுதான். "அண்ணன் தயவு ஒரு துளி இல்லாம வாழ்றேன்." மோட்டார் தனி, கேட் தனி, இன்டர்நெட்டும் தனி.

அந்த இன்டர்நெட்டில் ஓர் அதிசயம். எங்கள் போன்களில் வீடியோ நொண்டியடிக்கும். அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் மட்டும் பறக்கும், சிக்னல் கோடு எப்போதும் ஃபுல். "கண்டதையும் பாத்தா நெட்டு எப்படிடா வரும்? ஒழுங்கா வச்சுக்கத் தெரியணும்" என்று அதற்கும் ஒரு பிரசங்கம் நடக்கும்.

போன வாரம் பெரியப்பா தன் பக்கத்தை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் கம்ப்யூட்டரில் நெட் இல்லை.

"என்னடா பண்ணின?" என்றார் என்னிடம். என் பேர் அப்படி.

"நான் தொடவே இல்லப்பா."

"நீ தொடாமத்தான் போன மாசம் திரை தலைகீழாத் தெரிஞ்சுதா?"

ரவுட்டரை அணைத்துப் போட்டார். பீரோ மேல் ஏற்றினார், இறக்கினார். கஸ்டமர் கேர் பெண், "சார், எங்க சைடுல எல்லாம் சரியா இருக்கு" என்றாள்.

"அப்போ கோளாறு என் சைடுலங்கறியாம்மா?"

"இதத்தான் நான் கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன்" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

போன்களில் நெட் வருகிறது, கம்ப்யூட்டரில்தான் இல்லை. அதனால் அதன் வைஃபை பட்டியலைத் திறந்தேன். எங்கள் ரவுட்டரின் பெயர் இருந்தது. தொட்டால் பாஸ்வேர்ட் கேட்டது. அதாவது, அந்தக் கம்ப்யூட்டர் எங்கள் லைனில் ஒருநாளும் சேர்ந்ததே இல்லை. அதில் பதிந்திருந்தது ஒரே ஒரு பெயர், பெரியப்பா வீட்டு வைஃபை. வீடு ஒன்றாக இருந்தபோது போட்டது. புது லைன் போட வந்தவர், கம்ப்யூட்டரில் ஏற்கெனவே நெட் ஓடுகிறதே என்று போன்களை மட்டும் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதைவிட நல்ல ஜோக் எனக்கு இனிமேல் கிடைக்காது. சிரிப்பு தொண்டைவரை வந்தது. பின்னால் நின்று திரையைப் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார் மெதுவாக.

பெரியப்பா மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"தெரியாம என்ன? உங்க கம்ப்யூட்டர் எங்க ரவுட்டர்ல எப்பவும் காட்டும். ஒரு தடவ தூக்கிடப் போனேன், அப்பா விடல. புது ரவுட்டர் வாங்கினப்பகூட பழைய பேரு, பழைய பாஸ்வேர்டையே போடச் சொன்னாரு. மாத்தினா சித்தப்பாவுக்கு வேலை கெட்டுடுமாம். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னாரு."

கல்யாண வீட்டில் ஊரறியச் சொல்லிக்காட்டிய அதே பெரியப்பா.

அப்பா போனை என் கையிலிருந்து வாங்கினார். பேசப்போகிறார் என்று நினைத்தேன். அணைத்து மேஜையில் வைத்தார்.

நான் எங்கள் பாஸ்வேர்டை அடித்தேன். சிக்னல் கோடு பாதிவரை ஏறி நின்றது. அப்பா திரையைப் பார்க்கவே இல்லை.

"வண்டி கிளம்புறப்ப உன் பெரியப்பா நம்ம கேட் பக்கத்துல நின்னாரா?"

நின்றார். சாமான் ஏற்றி முடித்து, டிரைவர் ஹாரன் அடித்து, பெரியம்மா இரண்டு தடவை கூப்பிட்டு, அதற்கப்புறமும் எங்கள் வாசலையே பார்த்தபடி நின்றார்.

"டிரைவருக்கு வழி சொல்லிட்டிருந்தாருப்பா."

"ம்" என்றார். வேலை இருக்கிறது என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அன்று அவருக்கு லீவு. அது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.