எண்ணூறம்மா

அச்சுக்குப் போகும் கோப்பைப் பிடிஎஃப்பாக மாற்றி முடித்ததும் அவள் மென்பொருளை மூடிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருகிறாள். பிறகு பக்கத்து மேசையில் இருக்கும் பழைய கணினியில் உட்காருகிறாள். அதில் எழுத்துருக்கள் எதையும் ஏற்றி வைக்கவில்லை. அந்தப் பிடிஎஃப்பை அங்கே திறந்து எண்ணூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் ஓர் எழுத்தின் கால் மட்டும் திரை முழுக்க நிற்கிறது. அதன் விளிம்பு பிசிறடிக்கிறதா என்று மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வருவாள். அச்சகத்தில் அவளுக்கு எண்ணூறம்மா என்று பெயர் வந்தது இதனால்தான்.

"செஞ்ச எடத்துலயே தொறந்து பாத்தா எல்லாம் ஒழுங்காத்தான் தெரியும். வெளியூர்ல போய் நின்னாத்தானே யாரு எப்படின்னு தெரியும்" என்பாள். திரையைப் பற்றியும் அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. "அத நம்பாதீங்க. எல்லாருகிட்டயும் நல்ல பேரு வாங்கப் பாக்கும்."

வெட்டும் கத்தி சற்று விலகினாலும் வெள்ளை தெரியாமல் இருக்க நான்கு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் கூடுதல் நிறம் வேண்டும். படங்கள் அச்சின் நான்கு மைகளுக்கு மாறியிருக்க வேண்டும், எழுத்துருக்கள் கோப்புக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். இத்தனையையும் ஒரே அமைப்பாகச் சேமித்து அதற்கு 'தொடாதே' என்று பெயர் வைத்திருக்கிறாள். "இன்னிக்கு உன் தொடாதேயத் தொட்டுட்டேன்" என்று இயந்திரக்காரர் சீண்டினால் மற்றவர்கள் சிரிப்பார்கள். அவள் எழுந்து போய்ச் சரிபார்ப்பாள்.

பதினோரு வருடங்களுக்கு முன் மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதில் அமைப்புகள் மாறிப்போயின. அவள் கவனிக்கவில்லை. ஒரு பள்ளியின் ஆண்டு மலர் இரண்டாயிரம் பிரதி அச்சாகிவிட்டது. படங்களுக்குக் கீழே குழந்தைகளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள். தலைமையாசிரியை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த அம்மா மலரைப் புரட்டிவிட்டு, "இதுல யாரு எந்தக் கொழந்தைன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கறது?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து அவளைப் பிடித்துக்கொண்டது இந்தப் பிசாசு. அண்ணன் மகளின் கல்யாண மண்டபத்தில்கூட அழைப்பிதழின் ஓரத்தைத் தடவி, "நூலளவு வெள்ளை தெரியுது" என்று முணுமுணுத்தாள். "வந்த எடத்துலயுமா? முதல்ல பொண்ணப் பாரு" என்று அண்ணி தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அவள் மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொள்ளும் கோப்பு ஒன்றுதான். அது ஒரு தையல்காரரின் மகளுக்கான நினைவு அட்டை. பத்தொன்பது வயதில் போய்விட்ட பெண். கைபேசியில் எடுத்த ஒரே ஒரு படம்தான் இருந்தது. முதல் வருடம் மூன்று நாள் அந்த முகத்தோடு மல்லாடினாள். ஐந்து மாதிரிகளை அச்சிட்டுக் காட்ட, அவர் ஒன்றை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு, "இதுதான் எங்க பாப்பா" என்றார். அதற்குப் பிறகு வருடா வருடம் தேதியை மட்டும் மாற்றுவாள். அதே தாள், அதே அமைப்பு. ஏழு வருடத்தில் அந்த முகத்தில் ஒரு புள்ளிகூட மாறியதில்லை.

இந்த வருடம் அட்டைக்கட்டை வாங்கிப்போன தையல்காரர் மறுநாள் காலையிலேயே திரும்பி வந்துவிட்டார். புது அட்டை ஒன்றையும் பழையது ஒன்றையும் அவள் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது என் பொண்ணு இல்லம்மா."

அவள் இரண்டு அட்டைகளையும் மேசை விளக்குக்குக் கீழே நகர்த்தினாள்.

"நூல் கலர் பாத்துப் பாத்தே பொழைக்கறவன் நான். இவ்வளவு கறுப்பு இல்ல அவ. இதுல பாருங்க, எப்படி இருக்கான்னு."

பழையது முதல் வருடத்து அட்டை. தையல் இயந்திரத்துக்கு மேலே, ஜன்னலை ஒட்டி, ஏழு வருடம் மாட்டியிருந்தது. வெயில் முதலில் சிவப்பைத்தான் தின்னும். கன்னத்தின் மாநிறம் வடிந்து, வெளுத்த ஒரு பெண் அதில் சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன நடந்ததென்று அவளுக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது.

ஒவ்வொரு வேலையிலும் முதல் பிரதி ஒன்றை வெளிச்சம் படாமல் கறுப்புத் தாளில் சுற்றி அவள் இழுப்பறையில் வைத்திருப்பாள். அதை எடுத்துப் புது அட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் பேச்சே இல்லை. தன் வேலை சரி என்று காட்டும் சந்தர்ப்பத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. முதலாளிக்கே விட்டுக்கொடுத்ததில்லை. இழுப்பறையைப் பாதி இழுத்துவிட்டாள்.

"போன வருஷமே தோணுச்சும்மா. நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல." அவர் பழைய அட்டையின் மேலிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார். "தெனம் இவ முகத்தப் பாத்துட்டுத்தான் மிஷின்ல கால வைக்கறேன். எனக்கு மறக்குமா?"

உள்ளே இருக்கும் பிரதியை வெளியே எடுத்தால், மகளின் நிறம் தனக்கு மறந்துபோய்விட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு அந்த மனிதர் வீட்டுக்கு எப்படிப் போவார்?

"மறக்காதுங்க" என்றாள். இழுப்பறையை முழங்காலால் தள்ளி மூடினாள்.

கோப்பைத் திறந்தாள். பழைய கணினிக்கு முன்னால் கிடந்த நாற்காலியை இழுத்துத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள்.

"இப்படி உக்காருங்க. நான் கொஞ்சம் கொஞ்சமா கொறச்சுக்கிட்டு வரேன். எங்க நிக்கணும்னு நீங்க சொல்லுங்க."

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். முகத்தின் சிவப்பு ஒவ்வொரு படியாக இறங்கியது. "இன்னும் கொஞ்சம்" என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி "இன்னும்" என்றார். அவள் இறக்கினாள். அவர் திரையை நோக்கிக் குனிந்தார்.

"போதும்மா."

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.